சாப்பாட்டுச் செலவு யார் தலையில்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை உயர்தர வகுப்பில் பாடம் முடிய இன்னும் 10 நிமிடம் இருக்கும்போது பின் வாங்கில் ஒரே சிரிப்பு. என்ன என்று போய்க் கேட்டால், ஒரு மாணவன் தான் பார்த்த வீடியோவை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் முதல் தடவையாக ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள். சாப்பிட்டு முடிந்து பில் வருகிறது. இவன் அவளைப் பார்க்கிறான், அவள் இவனைப் பார்க்கிறாள். யார் கட்டுவது என்று சண்டை. வீடியோவுக்குக் கீழே ஊர் உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் வந்து மீதிச் சண்டையைப் பிடிக்கிறார்களாம்.

"சேர், இதுக்கும் ஒரு வரலாறு இரிக்கா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான்.

"இரிக்கி மகன், நாளைக்குச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அன்று அஸருக்குப் பிறகு வீட்டுக்குக் கல்யாணப் புரோக்கர் வந்தார். எங்கள் மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து செய்தி. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுசர்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஹோலில் 400 பேருக்குச் சாப்பாடு மட்டும் எங்கள் பொறுப்பாம். "அது வழமைதானே சேர்" என்றார். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரவு பாடத்துக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தால் இரண்டு பில்லும் ஒரே மேசையில் கிடக்கிறது மாதிரி இருந்தது. ஆகவே வகுப்பில் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் அமெரிக்கக் கதை. 1800களின் கடைசியில் அங்கே நடுத்தரக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வாலிபன் ஒரு பெண்ணோடு பழக விரும்பினால் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போக முடியாது. அவளுடைய வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதையும் அவனாகக் கேட்டு வருவது மரியாதை இல்லை. பெண்ணோ பெண்ணின் தாயோ "இன்ன நாளைக்கு வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். வந்தவனை முன் அறையில் இருத்தி, தேநீரும் பலகாரமும் கொடுப்பார்கள். பியானோ இருந்தால் பெண் வாசித்துக் காட்டுவாள். தாய் எட்டிப்போக மாட்டாள், காது கேட்கிற தூரத்தில்தான் இருப்பாள். செலவு முழுக்கப் பெண் வீட்டாருடையது. பெத் பெய்லி என்ற வரலாற்றாசிரியை 1988இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறதை யாரோ ஆங்கிலத்தில் எழுதிவைத்தது போல இருந்தது. ஒரு பெரிய வித்தியாசம் என்னவென்றால், செலவழிக்கிற வீட்டுக்குத்தான் அங்கே அதிகாரமும் இருந்தது. பிடிக்காதவனை அடுத்த முறை அழைக்கமாட்டார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஆனால் இப்படி ஒருவனை அழைத்து இருத்துவதற்கு முதலில் ஒரு முன் அறை வேண்டுமே. நியூயோர்க்கில் அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர் குடும்பங்கள் இரண்டு மூன்று அறைகளுக்குள் ஏழெட்டுப் பேராக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் பிள்ளைகள் தையல் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை செய்தார்கள். ஆணுக்குக் கிடைத்த சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் அவர்களுக்கு. கத்தி பைஸ் என்பவர் 1986இல் எழுதிய ஆய்வு நூலில் ஒரு சின்ன விசயம் எங்களை நிறுத்திவிட்டது. பல பெண் பிள்ளைகள் சம்பள உறையைத் திறக்காமலேயே கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தார்கள். அதே வீட்டு ஆண் பிள்ளைகள் ஒரு பங்கைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் கார்மெண்ட்ஸுக்குப் போகிற பிள்ளைகளுடைய வீடுகளில் இதைப் பார்த்தவர்கள் தலையாட்டுவீர்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை கொனி ஐலண்ட் கடற்கரைக்கோ நடன மண்டபத்துக்கோ போக ஆசை வந்தால், கையில் பஸ் காசு கூட இருக்காது. பக்கத்தில் இருக்கிற பையனிடம் இருக்கும். அவன் நுழைவுச் சீட்டை எடுப்பான், சாப்பாடு வாங்கிக் கொடுப்பான். இதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'ட்ரீட்'. இன்றைக்கு நம் பிள்ளைகள் ரிசல்ட் வந்தவுடன் "ட்ரீட் எங்க மச்சான்?" என்று கேட்கிறார்களே, அதே சொல். அங்கே அது கொஞ்சம் பாரமான சொல்லாக இருந்தது. ஏனென்றால் வாங்கிக் கொடுத்தவன் சும்மா வாங்கிக் கொடுக்கவில்லை, பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்தான். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதை அந்தப் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. நியூயோர்க்கில் 1905இல் ஒழுக்கக் கேட்டைத் தடுப்பதற்கென்று பதினால்வர் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அதன் ஆட்கள் மாறுவேடத்தில் நடன மண்டபங்களில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார்கள். காசு வாங்காமல், சாப்பாட்டையும் பொழுதுபோக்கையும் மட்டும் வாங்கிக்கொள்கிற இந்தப் பிள்ளைகளை எந்தப் பட்டியலில் போடுவது என்று அவர்களுக்கே குழப்பம். பிள்ளைகளின் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி அந்த மாறுவேடக்காரர்கள் எழுதியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

'டேட்' என்ற சொல்லும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. சிக்காகோ பத்திரிகையாளர் ஜோர்ஜ் எய்ட் 1896இல், உழைக்கும் மக்கள் பேசுகிற பேச்சை அப்படியே எழுதும்போது அச்சில் போட்டார். படித்த குடும்பங்கள் வெகு சீக்கிரம் இதைத் தங்கள் வழக்கமாக்கிக்கொண்டன. மோட்டார் வண்டி வந்தது, சினிமா வந்தது. 1920கள் ஆகும்போது முன் அறையில் இருத்தித் தேநீர் கொடுக்கிற வழக்கம் பழங்கதை.

இங்கேதான் பெய்லி ஒரு கூர்மையான விசயத்தைச் சொல்கிறார். வீட்டில் தேநீர் கொடுத்த காலத்தில் அழைக்கிறவள் பெண். வெளியே போகத் தொடங்கியதும் காசு வேண்டும், காசு ஆணிடம். ஆகவே அழைக்கிற உரிமையும் ஆணிடம் போய்விட்டது. எங்கே போவது, என்ன சாப்பிடுவது, எத்தனை மணிக்கு வருவது எல்லாம் பில்லோடு சேர்ந்து கை மாறிவிட்டது. பெண்ணுக்கு மிஞ்சியது ஆம், இல்லை என்ற இரண்டு சொல். வில்லார்ட் வோலர் என்ற சமூகவியலாளர் 1937இல் பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழக மாணவர்களைப் பார்த்து எழுதிய கட்டுரையில், ஒரு பையனின் பெறுமதி அவனிடம் வண்டி இருக்கிறதா, செலவழிக்கக் காசு இருக்கிறதா என்பதில் தொங்குகிறது என்று காட்டினார். ஒரு மாணவனின் குணம் பற்றி அந்தப் பட்டியலில் அதிகம் இல்லை.

1980இல் லொஸ் ஏஞ்சலீஸ் பக்கம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. லொராஞ்சரி என்ற பெரிய பிரெஞ்சு உணவகம். ஒரு பெண்மணி தன்னுடைய வியாபாரப் பங்காளியை அங்கே சாப்பிட அழைத்துப் போகிறார். அழைத்தது அவர், கட்டப் போவதும் அவர். மெனு வருகிறது. ஆணுக்குக் கொடுத்ததில் விலை இருக்கிறது. பெண்ணுக்குக் கொடுத்ததில் சாப்பாட்டின் பெயர் மட்டும், விலை இல்லை! பெண்களுக்கு விலை தெரியத் தேவையில்லை என்பது அந்தக் காலத்துப் பெரிய இடங்களின் நாகரிகம். குளோரியா ஓல்ரெட் என்ற பிரபல வழக்கறிஞர் மூலம் அவர் வழக்குப் போட்டார். உணவகம் அந்த மெனுவைக் கைவிட்டது, அவரும் வழக்கை விட்டார். இதற்கு 6 வருசத்துக்கு முன்னர், 1974இல்தான், கடன் கொடுப்பதில் ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதுவரைக்கும் பல வங்கிகள் புருசனின் கையெழுத்து இல்லாமல் மனைவிக்குக் கடன் அட்டை கொடுக்கவில்லை. பில்லைக் கட்ட விடாமலும் வைத்துக்கொண்டு, பெண்கள் கட்டுகிறார்களில்லை என்று குறையும் சொன்னார்கள்.

இன்றைக்கு என்ன நிலைமை? 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கல்யாணம் முடிக்காத 17,000 பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். செலவில் பெரும்பகுதியை ஆண்கள்தான் கட்டுகிறார்கள் என்று ஆண்களில் 84 வீதம் பேர் சொன்னார்கள். பெண்களில் 58 வீதம் பேர் மட்டும்தான் அப்படிச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள், கணக்கு மட்டும் வேறு. 39 வீதப் பெண்கள், "நானும் கட்டுகிறேன்" என்று தாங்கள் சொல்லும்போது அவன் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டுமென்று உள்ளுக்குள் விரும்புகிறார்களாம். நம் வீடுகளில் விருந்தாளி "சாப்பாடு வேணாம்" என்று மூன்று தடவை சொல்லி நான்காவது தடவை கை கழுவப் போகிறதை நினைத்துக்கொண்டோம்.

அவரவர் செலவை அவரவர் கட்டுவதற்கு அமெரிக்கர் 'டச்சு ட்ரீட்' என்று 1800களில் ஒரு பெயர் வைத்தார்கள். டச்சுக்காரரைக் கஞ்சர் என்று கேலி செய்கிற பழக்கத்தில் வந்த பெயர். ஒல்லாந்தர் நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டு இருந்தவர்கள். கறுவாவை அள்ளிக்கொண்டு போனவர்கள்தான், இருந்தாலும் நமக்கு ஒரு விசயத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வருகிறோம்.

மறுநாள் இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, வழமையாக வாயே திறக்காத ஒரு மாணவி கை உயர்த்தினாள். "சேர், அப்ப நம்மட மார்க்கத்துல ஆரு கட்டுற?"

அது இலகுவான கேள்வி. காதலிக்கிறவர்கள் சாப்பிடப் போகிற பேச்சு நமக்கு இல்லை. ஆனால் கல்யாணச் செலவு யாருடையது என்பதில் நம்மிடம் குழப்பமே இல்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. அதே அத்தியாயத்தின் 34ஆவது வசனம் ஆண்கள் தங்கள் செல்வத்திலிருந்து செலவழிப்பதைப் பற்றிப் பேசுகிறது. சாப்பாட்டைப் பொறுத்தவரை, மதீனாவில் நடந்த அந்தச் சம்பவத்தை நம் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே கேட்டிருப்பார்கள்.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) மக்காவிலிருந்து வெறும் கையோடு வந்தவர். மதீனாவின் ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். இவர் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழியை மட்டும் காட்டச் சொன்னார். நெய்யும் உலர்ந்த பாற்கட்டியும் விற்றார். கொஞ்ச நாளில் அவர் உடம்பில் மஞ்சள் வாசனைத் திரவியத்தின் அடையாளத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். கல்யாணம் முடித்துவிட்டதாகச் சொன்னார். மஹர் எவ்வளவு என்று கேட்டார்கள். ஒரு பேரீச்சங்கொட்டை எடை தங்கம் என்றார். ஓர் ஆட்டைக் கொண்டாவது வலீமா கொடுக்குமாறு சொன்னார்கள்.

இந்தச் சம்பவத்தை எத்தனையோ தடவை பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டதெல்லாம் "ஓர் ஆடு" என்ற இடத்தில். யாரிடம் சொல்லப்பட்டது என்ற இடத்தில் நம் காது நின்றதில்லை. சொல்லப்பட்டது மாப்பிள்ளையிடம். அகதியாக வந்து, நெய் விற்றுப் பிழைக்கத் தொடங்கியிருந்த ஒரு மாப்பிள்ளையிடம். பெண்ணின் வாப்பாவிடம் இல்லை. ஸஃபிய்யா (ரழி) அவர்களுடைய வலீமாவில் ரொட்டியும் இறைச்சியும் கூட இருக்கவில்லை. பேரீச்சம்பழம், பாற்கட்டி, நெய், அவ்வளவுதான். சவனில் ஆறு பேர் இருந்து ஒரு முழுக் கோழியும் மிஞ்சுகிற நம் காலத்தில் இதைச் சொன்னால் சமையல்காரரே சிரிப்பார்.

சரி, மார்க்கம் இப்படி. நம் நாட்டு வரலாறு எப்படி?

ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து முஸ்லிம்களின் வாரிசுரிமை, கல்யாணம் பற்றிய சட்டத் தொகுப்பு ஒன்றை இங்கே கொண்டுவந்தார்கள். அவர்கள் விட்டுப்போனது என்று மேலே சொன்னது அதைத்தான். அதைத் தழுவி ஆங்கிலேயர் 1806இல் கொழும்பு முஸ்லிம்களுக்கு ஒரு சட்டக் கோவையை உண்டாக்கினார்கள். 1852இல் அது முழு நாட்டுக்கும் வந்தது. 1886இல் கல்யாணப் பதிவுக்கு ஒரு சட்டம், 1929இல் காதி முறையோடு இன்னொரு சட்டம், கடைசியாக 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். இந்த 1951 சட்டத்தில் கைக்கூலி என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலச் சட்டத்துக்குள் அப்படியே இருக்கிறது. வேறு மொழியில் அதற்குச் சொல் இல்லை, ஏனென்றால் அது நம்முடைய சரக்கு.

அந்தச் சட்டம் கைக்கூலியை எப்படி விளக்குகிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். கல்யாணத்துக்கு முன்னரோ கல்யாணத்தின்போதோ பெண்ணின் உறவினர் அல்லது வேறொருவர் மாப்பிள்ளையிடம் கொடுக்கிற, அல்லது கொடுப்பதாக வாக்களிக்கிற காசு, அசையும் பொருள். இதுவரை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது பெண்ணின் பாவனைக்காகக் கொடுக்கப்படுவது என்று சட்டம் சொல்கிறது. கை மாப்பிள்ளையுடையது, காசு பெண்ணுடையது. பிறகு ஒரு பிரச்சினை வந்தால் மனைவி காதியாரிடம் போய் அதைக் கேட்டு எடுக்கலாம். எழுதிப் பதிந்திருந்தால் நிரூபிப்பது இலேசு. நம் ஊர்களில் எத்தனை பேர் பதிகிறார்கள்? மஹர் 1001 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கைக்கூலி என்ற இடத்தில் ஒரு கோடு.

வெளியூர் நண்பர்கள் சிலர் கிழக்கில் சீதனம் கொடுமை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு இலேசான கதை இல்லை அது. எங்கள் கரையோரத்தில் குடி தாய் வழியில் வருகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். பெண்ணுக்கு வீடு எழுதிக் கொடுக்கிறோம். அக்கரைப்பற்றில் வருசக் கணக்காக ஆய்வு செய்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2008இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் இந்த விசயத்தில் ஒரே மாதிரி. வீடு பெண்ணின் பெயரில் இருக்கிறது, உம்மா பக்கத்து வளவில் இருக்கிறா. புருசன் கையை ஓங்கினால் வெளியே போக வேண்டியவன் புருசன்தான். உலகத்தில் எத்தனை பெண்களுக்கு இந்த நிலைமை இருக்கிறது? சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றின் உறுதியைக் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் எழுதியபோதுதான், நம் பெண்கள் எதை இழந்தார்கள் என்பது பலருக்கு விளங்கியது.

ஆகவே வீடு வேறு, கைக்கூலி வேறு, ஹோல் சாப்பாடு வேறு. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டோம். வீடு பெண்ணிடம் நிற்கிறது. கைக்கூலி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவனுடைய தங்கச்சியின் மாப்பிள்ளைக்குப் போகிறது. 400 பேருடைய சாப்பாடு ஒரு பகலில் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டைக் கட்டுவதற்கே 1970களின் கடைசியிலிருந்து நம் வீட்டு ஆண் பிள்ளைகள் சவூதிக்கும் கட்டாருக்கும் போனார்கள். தாங்கள் கல்யாணம் முடிக்காமல் தலை நரைத்தவர்களை நமக்கெல்லாம் தெரியும்.

அமெரிக்கக் கதையில் பில்லைக் கட்டியவனிடம் அதிகாரம் போனது. நம் கதையில்? கட்டுகிறவர் பெண்ணின் வாப்பா. அவர்தான் ஹோல் வாசலில் நின்று, வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "சாப்பாடு சரியா? இறைச்சி போதுமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவர். செலவும் அவருடையது, பயமும் அவருடையது. பெய்லியின் கணக்கு ஏன் இங்கே தலைகீழாக இருக்கிறது என்று வகுப்பில் கேட்டோம். அந்த வாயே திறக்காத மாணவிதான் மீண்டும் கை உயர்த்தினாள். பதில் சொல்லவில்லை, இன்னொரு கேள்வி.

"சேர், உங்கட கல்யாணத்துக்கு ஆரு கட்டின?"

மணி அடித்திருந்தால் தப்பியிருப்போம். அடிக்கவில்லை.

உண்மையைச் சொன்னோம். எங்களுக்கு நிக்காஹ் நடந்தது 1998இல். ஆசிரியர் நியமனம் கிடைத்து இரண்டு வருசம். கைக்கூலி வாங்கினோம். நாங்கள் கேட்கவில்லை, எங்கள் பெரியப்பா கேட்டார், நாங்கள் பக்கத்து அறையில் இருந்தோம். அந்தக் காசு எங்கள் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் போனது. 350 பேருக்குச் சாப்பாடு பெண் வீட்டில். மறுநாள் எங்கள் வீட்டில் 60 பேருக்கு ஒரு சாப்பாடு கொடுத்து அதற்கு வலீமா என்று பெயர் வைத்தோம்.

வகுப்பில் இவ்வளவுதான் சொன்னோம். இனி எழுதுவது அங்கே சொல்லாதது.

மாமனார் மௌத்தாகி நாலு வருசம். அவருடைய அலுமாரியைத் துப்புரவாக்கியபோது ஒரு சீ.ஆர். கொப்பி கிடைத்தது. அவர் கணக்குப் பிள்ளையாக இருந்தவர், எல்லாவற்றையும் எழுதுவார். எங்கள் கல்யாணம் ஒரு பக்கம். சம்பா 4 மூடை. மாடு 2. வட்டிலப்பத்துக்கு முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய். கதிரை வாடகை. லைட் மெஷின். கீழே சிவப்பு மையால் ஒரு வரி: ஒரு ஏக்கர் வயல் ஈடு. யாரிடம் ஈடு வைத்தார் என்றும் இருக்கிறது, அதை இங்கே எழுத வேண்டியதில்லை. பிறகு பல பக்கம் தள்ளி, வேறு மையில், மீட்ட திகதி. 2007.

ஒரு பகல் சாப்பாட்டுக்கு 9 வருசம். அந்த 9 வருசத்திலும் நாங்கள் அதே வளவில்தான் இருந்தோம். ஒவ்வொரு போகத்திலும் அவர் அடுத்தவருடைய வயலில் குத்தகைக்குச் செய்வதைப் பார்த்திருக்கிறோம். சொந்த வயல் என்ன ஆனது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பெருநாளைக்கு எங்களுக்குச் சேட்டுத் துணி வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்காரிக்கு வயல் விசயம் முன்பே தெரியும். "சொல்லி என்ன செய்யிற?" என்று கேட்டா.

புரோக்கரிடம் நேற்றுப் பதில் சொல்லி அனுப்பிவிட்டோம். நிக்காஹ் பள்ளியில். வருகிறவர்களுக்குப் பேரீச்சம்பழமும் தேநீரும் எங்கள் செலவு. வீடு மகள் பெயரில் எழுதியாகிவிட்டது, அதில் மாற்றம் இல்லை. வலீமா மாப்பிள்ளையுடையது, 400 பேரோ 40 பேரோ அவர் வசதி, ஓர் ஆடு என்றாலும் நாங்கள் வந்து சந்தோசமாகச் சாப்பிடுவோம். மஹர் எவ்வளவு என்பதை மகளிடம் கேளுங்கள், அவ சொல்லுவா. கைக்கூலி என்று ஒரு சதமாவது கை மாறினால் அது பதிவில் இருக்க வேண்டும்.

புரோக்கர் தேநீர் குடிக்காமல் போனார். இதனால் இந்தச் சம்பந்தம் கலைந்தாலும் கலையலாம். எங்கள் வீட்டுக்காரி இரவெல்லாம் நித்திரை இல்லை. மகள் மட்டும் "வாப்பா, அவங்க வேணாமெண்டா வேணாம், நீங்க வயல ஈடு வைக்காதீங்க" என்றா. கொப்பியை அவவும் பார்த்திருக்கிறா என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்திருக்கிறோம். உம்மா வாப்பாவின் விவாகப் பதிவை எடுத்துப் பாருங்கள், முடிந்தால் வாப்பும்மா, உம்மும்மாவின் பதிவையும். மஹர் எவ்வளவு, கைக்கூலி என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, கல்யாணச் சாப்பாட்டை உண்மையில் யார் போட்டார்கள் என்று வீட்டில் கேட்டு வாருங்கள். பெயர் எழுத வேண்டாம், வருசமும் தொகையும் போதும். வாசிக்கிற நீங்களும் பார்த்து, விரும்பினால் எங்களுக்குத் தனியாக அனுப்புங்கள். பழைய கணக்குக் கொப்பிகள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள், எங்களிடம் காட்டுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரின் பதில் இன்னும் வரவில்லை. துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.